அறுந்து போகவேண்டிய தையல்

ஊரில் கார் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். இங்கே அப்படியில்லை. பஸ் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பக்டரி வாசலில் நிற்கவேண்டியவர்கள் எப்படியோ ஒரு காரை வாங்கித்தான் ஆகவேண்டும். ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்து, ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு பேஸ்மென்ரில் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. முதலில் வாடகை, இரண்டாவது கார், மூன்றாவதுதான் சாப்பாடு என்று எங்கள் பக்கத்தில் பகிடியாகச் சொல்வார்கள்.

நாங்கள் எழுதிப் பழக்கமில்லாதவர்கள். ஓ/எல் சோதனையோடு எங்கள் படிப்பு முடிந்துவிட்டது. ஆனாலும் கார் சீற் தைக்கப்போய் நாங்கள் விட்ட ஒரு பிழையை இன்னொரு குடும்பம் விடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம். எங்கள் சனத்தில் தையல் தெரிந்தவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பிள்ளைகள், ஊரில் சட்டை தைத்துக் குடும்பம் பார்த்த அம்மாமார், குசன் கடைகளில் நின்ற தம்பிமார் என்று பலர். முக்கியமாக அவர்கள் இதை வாசிக்கவேண்டும்.

எங்கள் கார் 2010ஆம் ஆண்டு ரொயோட்டா கொறோலா. 2021ஆம் ஆண்டு பனி கொட்டத் தொடங்குவதற்கு முன்பு வாங்கினோம். இஞ்சின் நல்லது. ரயர் பரவாயில்லை. அடியில் கொஞ்சம் கறள். விற்றவர் ட்ரைவர் சீற்றுக்கு மேலே ஒரு துவாய் விரித்து வைத்திருந்தார். காசைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தத் துவாயை எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கதவுப்பக்கமாக, இருக்கும் இடத்திலும் முதுகு சாயும் இடத்திலும் தையல் பிரிந்து, துணி கிழிந்து, உள்ளே இருந்த ஸ்பொஞ் மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

கார் சீற் பெரும்பாலும் முதலில் கிழிவது அந்த இடத்தில்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு உரசிக்கொண்டு போவது அந்த விளிம்பில்தானே. எங்கள் வீட்டிலோ ஒரே கார், இரண்டு ஷிப்ற். ஒருவர் விடிய ஐந்து மணிக்கு எடுத்துக்கொண்டு போவார். அவர் பின்னேரம் வந்து திறப்பைக் கொடுக்க, மற்றவர் எடுத்துக்கொண்டு போவார். இரண்டு பேருடைய பாரமும் அந்த ஒரு சீற்றுக்கு. போதாக்குறைக்குப் பனிக்காலத்தில் ஈர ஜக்கற், காலில் ஒட்டி வரும் உப்பு. ஜனவரி வருவதற்குள் கிழிசல் இரண்டு மடங்காகிவிட்டது.

இருவரும் வேலை செய்வது ஒரே பக்டரியில். சாப்பாட்டுச் சாமான் பொதி செய்யும் இடம். அங்கே தலைமயிர் ஒன்று விழுந்தாலே பெரிய விசாரணை. ஒருநாள் உடுப்பு மாற்றும் அறையில் எங்கள் காற்சட்டையில் இருந்து மஞ்சள் துகள்கள் உதிர்ந்ததை மேற்பார்வையாளர் கண்டுவிட்டார். என்ன என்று கேட்டார். கார் சீற் ஸ்பொஞ் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டாம் முறையும் கண்டபோது, இனிமேல் இப்படி வந்தால் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏஜென்சி மூலம் வேலை செய்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். நாளைக்கு வரவேண்டாம் என்று ஒரு போன், அவ்வளவுதான்.

சீற் உறை ஒன்று வாங்கிப் போட்டோம். அது வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கடையில் தைக்க விலை கேட்டோம். ஒரு சீற்றுக்கு 500 டொலருக்கு மேல் வரும் என்றார்கள். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு பழைய மெசினே வாங்கலாமே என்று எங்களுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் அப்பா சுன்னாகத்தில் குசன் கடை வைத்திருந்தவர். வாடகைக்கு ஓடிய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களுக்குக் குசன் அடிப்பது அவருடைய தொழில். உள்ளே தென்னந்தும்பு, அதன்மேல் சாக்கு, அதற்கும் மேலே றெக்சின். 1990இல் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போன பிறகும் அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அப்பாவின் கடையும் ஓடியது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது எங்களுக்கு ஏழு வயது. அப்பா சைக்கிள் கரியரில் கட்டியது சிங்கர் மெசினின் தலையை மட்டும்தான். பிறகு மல்லாவியில் ஒரு மரத்துக்குக் கீழே, 2002இல் பாதை திறந்த பிறகு கிளிநொச்சியில் ஒரு கொட்டிலில் என்று அவருடைய கடையும் எங்களோடு இடம்பெயர்ந்துகொண்டே வந்தது. சைக்கிள் சீற், மோட்டார் சைக்கிள் சீற், உழவு இயந்திரத்தின் சீற் என்று எது வந்தாலும் தைத்தார். பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் நூலுக்கு மெழுகுதிரி பூசிக் கொடுப்பது எங்கள் வேலை. 2009இல் அந்த மெசின் தலையும் போய்விட்டது.

அப்பாவுக்கு ஒரு சொல் இருந்தது. "நூல் அறுந்தாலும் தையல் பிரியக்கூடாது" என்பார். அதனால் எந்தத் தையலையும் இரண்டு முறை ஓடுவார். முடித்தபிறகு முழங்காலால் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். பிரியாவிட்டால்தான் வாடிக்கையாளரிடம் கொடுப்பார்.

மனைவி வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலையில் ஜூக்கி மெசின் ஓட்டியவர். ஒருவருக்குக் குசன் வேலை கண்ணால் தெரியும், மற்றவருக்குத் தையல் கையால் தெரியும். பிறகு என்ன பயம்? 2022 வசந்த காலத்தில், கடையை மூடிய ஒருவரிடம் 600 டொலருக்கு ஒரு பழைய தொழிற்சாலை மெசினை வாங்கிப் பேஸ்மென்ருக்குள் இறக்கினோம். தடித்த துணியை மேலும் கீழும் சேர்த்து இழுக்கும் கால் உள்ள மெசின் அது.

வேலையை எப்படிச் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் எல்லாமே பிழையாகச் செய்யவில்லை.

முதலில் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றினோம். 90 செக்கனாவது பொறுக்கவேண்டும் என்று கைத்தொலைபேசியில் பார்த்த வீடியோவில் சொன்னார்கள். நாங்கள் பத்து நிமிடம் பொறுத்தோம். சீற்றைத் தரையோடு பிடித்திருப்பவை நான்கு போல்ற்றுகள். 14ஆம் நம்பர் சொக்கற்றால் அவற்றைக் கழற்றி, சீற்றுக்கு அடியில் இருந்த வயர்ப் பூட்டுகளையும் கழற்றினோம். அதில் ஒன்று மஞ்சள் நிறம். அந்த மஞ்சள் பூட்டைக் கழற்றியது எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது ஏன் மஞ்சளாக இருக்கிறது, அந்த வயர் சீற்றுக்குள் எங்கே போகிறது என்று மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

பழைய உறையைப் பிடித்திருப்பவை சீ எழுத்துப் போன்ற சிறிய கம்பி வளையங்கள். அவற்றைக் குறட்டால் வெட்டினோம். உறையை இழுத்துக் கிழிக்கக்கூடாது. அதுதான் புதிய உறைக்கு அளவு. ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் எழுதி, இரண்டு துண்டுகள் சேரும் இடங்களில் சோக்கால் குறுக்கே கோடு போட்டு, படம் எடுத்த பிறகுதான் தையலைப் பிரித்தோம். கிழிந்த துண்டுகளைப் புதிய றெக்சினில் வைத்து வெட்டினோம். தையலுக்கு அரை அங்குலம் விளிம்பு விட்டோம். நூல் 69ஆம் நம்பர் நைலோன், ஊசி 18ஆம் நம்பர். தையலை நெருக்கி ஓடக்கூடாது. நெருக்கினால் றெக்சின் முத்திரை கிழிப்பதுபோல ஓட்டை வழியே கிழிந்துவிடும். ஒரு அங்குலத்துக்கு ஆறு, ஏழு தையல் போதும். இது மனைவிக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

ஸ்பொஞ் ஒட்டும் பசையை வெளியே கொண்டுபோய்த்தான் அடித்தோம். பேஸ்மென்ரில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வீட்டைச் சூடாக்கும் பேர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் பேஸ்மென்ரில்தான் இருக்கும். அவற்றுக்குள் நெருப்பு எரிகிறது. அந்தப் பசையின் ஆவி பற்றக்கூடியது. சோபாத் துணி மலிவு என்று காருக்குப் போடவும் கூடாது. காருக்குள் பாவிக்கும் துணிகளுக்குக் கனடாவில் ஒரு விதி இருக்கிறது. மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 302ஆம் இலக்கம். நெருப்புப் பட்டால் நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேல் அது பரவக்கூடாது. அதற்கென்று செய்த துணியைக் கேட்டு வாங்கவேண்டும்.

கடைசியாக, கதவுப்பக்கத்து முதுகுத் தையல். அதுதானே பிரிந்திருந்தது? இனி ஒருபோதும் பிரியக்கூடாது என்று அப்பாவின் முறையில் இரண்டு முறை ஓடினோம். பழைய உறையின் அந்த இடத்தில் எழுத்துப் போட்ட ஒரு சிறிய நாடாத் துண்டு தைக்கப்பட்டிருந்தது. அழகாக இருக்கட்டும் என்று அதையும் பத்திரமாக எடுத்து, புதிய உறையில் அதே இடத்தில் தைத்தோம். பிறகு முழங்காலால் ஊன்றி இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. அப்பா நின்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டோம்.

சீற்றைப் பூட்டி, பற்றரியைக் கொழுவி, காரை ஸ்ராட் பண்ணினோம். எச்சரிக்கை லைற் ஒன்றும் எரியவில்லை. மூத்த மகன் ஏறி இருந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது புதுக் கார் மாதிரி மணக்குது" என்றான்.

ஒரு சீற் நன்றாக வந்தால் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? கோயில் பார்க்கிங்கில் கண்ட ஒரு அண்ணை, "தம்பி, ஆர் தைச்சது? எங்கடையையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்றார். அவருடையது 2001ஆம் ஆண்டுக் கார். பிறகு நான்கு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தின் வான். அதில் நடு வரிசைச் சீற்றின் இருக்கும் பகுதி. மூன்றாவதாக ஒரு இளம் குடும்பம். அவர்களுடைய கார் எங்களுடையதை விடப் புதிது. முதல் பிள்ளை பிறக்க இரண்டு மாதம் இருந்தது. ட்ரைவர் சீற்றின் கதவுப்பக்கம் கிழிந்திருந்தது. சாமான் செலவுக்கு மேலே கொஞ்சம் கூலி வாங்கினோம். கனடா வந்தபிறகு பக்டரிக்கு வெளியே நாங்கள் உழைத்த முதற் காசு அது. மூன்று பேருக்கும் அப்பாவின் இரட்டைத் தையல்தான் போட்டுக் கொடுத்தோம்.

ஒக்ரோபர் மாதத்தில் ஒருநாள் மனைவி வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தா. பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு அக்கா ஒருவர் முன்பு கார் சீற் செய்யும் பக்டரியில் தைத்தவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நல்ல தையல் என்று பாராட்டினார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து, "இந்தத் தையலுக்கு என்ன நூல் போட்டாய்?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே நூல்தான் என்று மனைவி சொன்னா. எத்தனை முறை ஓடினாய் என்று கேட்டார். இரண்டு முறை என்றா.

அந்த அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார். அவர் வேலை செய்த பக்டரியில் அந்த ஒரு தையலுக்கு மட்டும் தனி மெசின், தனி நூல், தனியாகப் பழக்கிய ஆள் இருந்ததாம். தைத்த ஒவ்வொரு உறையும் பதிவு செய்யப்படுமாம். ஏனென்றால் அந்தத் தையலுக்கு உள்ளே எயார்பாக் இருக்கிறது. மோதும்போது காற்றுப்பை அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும்.

"மற்றத் தையல்கள் பிரியக்கூடாது. இது பிரியவேண்டும்" என்றார் அவர்.

மனைவி வீட்டுக்கு வந்து சொன்னபோது முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவின் தையலில் பிழை சொல்ல அந்த மனுசி யார் என்று. பிறகு ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு காருக்குப் போனோம். கதவைத் திறந்து சீற்றின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். நாங்களே அழகாகத் திரும்பத் தைத்த அந்த நாடாத் துண்டில் எழுதியிருந்தது: எஸ்.ஆர்.எஸ். எயார்பாக். ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்திருக்கிறோம். அதை ஒருமுறையாவது வாசிக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தென்றால் எங்களுக்குச் சம்பந்தமில்லாத எழுத்து என்று கண் தானாகவே விலகிப் பழகிவிட்டது.

சீற்றுக்குள் வைக்கும் இந்தப் பக்கக் காற்றுப்பையை 1994இல் சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனம் தன் கார்களுக்குக் கொண்டுவந்தது. இப்போது பெரும்பாலான கார்களில் இருக்கிறது. காரின் முன்பக்கத்தில் மோதினால் நசிந்து கொடுக்க இஞ்சின் பகுதி இருக்கிறது. பக்கவாட்டில் மோதினால் எங்களுக்கும் மற்றக் காருக்கும் இடையில் இருப்பது ஒரு கதவு மட்டும்தான். ஆகவே அந்தப் பை ஒருவர் கண்ணை இமைத்து முடிப்பதற்குள் ஊதி, நெஞ்சுக்கும் கதவுக்கும் இடையில் வந்து நின்றுவிடவேண்டும். அந்த நேரத்துக்குள் தையல் விடாவிட்டால் பை பிந்தி வரலாம், வேறு பக்கத்தால் கோணலாக வரலாம். பை இருந்தும் பலனில்லை. மேலே மாட்டும் உறைகளும் அப்படித்தான். நாங்கள் முதலில் வாங்கிய உறை அந்தப் பக்கத்தையும் மூடித்தான் இருந்தது. அப்படி மூடவேண்டாம் என்று கார்ப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் புத்தகம் எங்கள் காரின் முன் தட்டுக்குள்தான் கிடந்தது.

அன்றிரவு வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று சொன்னோம். பொய்யும் இல்லை.

எங்கள் காரை விடுவோம். அது எங்கள் பாடு. மற்ற மூன்று குடும்பங்கள்? மேசையில் இருந்து எழுதினோம். அண்ணையின் 2001ஆம் ஆண்டுக் கார்: சீற்றில் அந்த நாடா இருந்ததாக ஞாபகம் இல்லை, ஆனால் போய்ப் பார்க்கவேண்டும். வான்: இருக்கும் பகுதி மட்டும், முதுகைத் தொடவில்லை. இளம் குடும்பம்: நாடா இருந்தது. நிச்சயமாக இருந்தது. அதையும் அழகாகத் தைத்துக் கொடுத்தோம். அந்தப் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும். அன்றிரவு, சொல்லாமல் விட்டால் என்ன என்ற நினைப்பும் எங்களுக்கு வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? மோதினால்தானே? எத்தனை பேர் மோதுகிறார்கள்? காசையும் திருப்பிக் கொடுத்து, பெயரையும் கெடுத்து, இனி யாரும் எங்களிடம் வேலை தரமாட்டார்கள். சனம் குறைவான இடத்தில் கதை விரைவாகப் பரவும். விடியப்புறம் வரை இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் மனைவிதான் சொன்னா: "இஞ்சாருங்கோ, ஆறு மாசம் தெரியாமல் செய்தது பிழை. நாளைக்கு விடிஞ்சால் அது பிழையில்லை, வேற."

அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை.

அண்ணையின் காரில் நாடாவும் இல்லை, அடியில் மஞ்சள் பூட்டும் இல்லை. அவர் சிரித்து, தேத்தண்ணி தந்து அனுப்பினார். வான்காரரின் சீற்றில் எயார்பாக் இல்லை. ஆனால் போன இடத்தில் இன்னொன்றைக் கவனித்தோம். பிள்ளைகளின் கார்க் கதிரையைப் பூட்டும் இரும்புக் கொழுக்கி சீற்றின் முதுகுக்கும் அடிக்கும் இடையில் இருக்கும். 2002 செப்ரெம்பருக்குப் பிறகு செய்த கார்களில் அது கட்டாயம் இருக்கவேண்டும். எங்கள் புதிய றெக்சின் அதைப் பாதி மூடியிருந்தது. அங்கேயே நின்று வெட்டிச் சரிசெய்தோம்.

இளம் குடும்பத்தின் வீட்டில் கதவைத் திறந்தவர் அந்தத் தங்கச்சிதான். பிள்ளை தோளில் நித்திரை. உள்ளே வரச் சொன்னா. நாங்கள் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னோம். சொல்லச் சொல்ல அவவின் கை பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. கணவர் நிறைய நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கோபமாகத்தான் கேட்டார்.

"தெரியாட்டி ஏன் அண்ணை தொட்டனீங்கள்?"

பதில் இல்லை. தெரியும் என்று நினைத்தோம் என்பதுதான் பதில். அதைச் சொன்னோம்.

தங்கச்சி மெதுவாக, "சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றா. அது நன்றியா குற்றமா என்று எங்களுக்கு விளங்கவில்லை. இரண்டுமாக இருந்திருக்கும்.

வாங்கிய காசை அன்றே திருப்பிக் கொடுத்தோம். அவர்களுடைய காருக்குக் கொம்பனி உறையை விற்பனை நிலையத்தில் ஓடர் பண்ணினோம். அது வந்துசேரும் வரை எங்கள் மனம் சரியில்லை. அதன் விலையும் பூட்டும் கூலியும் சேர்த்து எங்களில் ஒருவரின் இரண்டு கிழமைச் சம்பளம். எங்கள் காருக்கு, உடைந்த கார்கள் விற்கும் இடத்தில் அதே மாதிரி, அதே ஆண்டுச் சீற்றின் முதுகு உறை கிடைத்தது. நிறம் ஒத்துவரவில்லை. அடி கறுப்பு, முதுகு சாம்பல். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு கார்களிலும் இந்த முறை முதுகை நாங்கள் கழற்றவில்லை. லைசன்ஸ் உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்தோம்.

நாங்கள் தைத்த இரட்டைத் தையலை மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்தோம். பிரிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நல்ல தையல்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக்குப் போன் எடுத்து அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். அவருக்கு வயது போய்விட்டது. காது கொஞ்சம் மந்தம். இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. தன் தையலைக் குறை சொல்கிறோம் என்று நினைப்பாரோ என்று பயந்தோம். அவர் கொஞ்சநேரம் யோசித்தார்.

"அப்ப அது தையல் இல்லையடா, கதவு. கதவை ஆராவது தைப்பானே?" என்றார். பிறகு, "கதவெண்டு தெரியாட்டி, அங்கை இருக்கிற ஆரிட்டையும் கேட்டிருக்கலாம்" என்றார்.

அதுதான் விஷயம். அந்தப் பிலிப்பைன்ஸ் அக்கா இரண்டு வருடமாக எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர். அவர் முன்பு என்ன வேலை செய்தவர் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் கற்ற தொழில் எங்கள் கையில் இருக்கிறது. அதை விடத் தேவையில்லை. ஆனால் அப்பா கற்ற காலத்துச் சீற்றுக்குள் இருந்தது தும்பும் சாக்கும்தான். இந்த நாட்டுச் சீற்றுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்திருக்கவேண்டும்.

நாங்கள் இப்போதும் தைக்கிறோம். சீற்றின் இருக்கும் பகுதி, பின்சீற், கை வைக்கும் பெட்டி இவற்றை எடுப்போம். யார் வந்தாலும் காரின் ஆண்டைக் கேட்டு, அடியில் மஞ்சள் பூட்டு இருக்கிறதா, பக்கத்தில் நாடா இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கைவைப்போம். முன்சீற்றின் முதுகில் அந்த நாடா இருந்தால் அதைத் தைப்பதில்லை என்று சொல்லிவிடுவோம். பக்கத்து ஆசனத்தின் இருக்கும் பகுதியையும் எடுப்பதில்லை. இருப்பவரின் பாரத்தை அளக்கும் கருவி பல கார்களில் அந்தச் சீற்றோடு சேர்ந்திருக்கிறது. அதைக் குழப்பினால் முன் எயார்பாக்கும் குழம்பும். சிலருக்கு நாங்கள் இப்படி மறுப்பது பிடிப்பதில்லை. வேறு இடத்தில் மலிவாகத் தைப்பார்கள் என்று போய்விடுகிறார்கள். அவர்களிடமும் இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

இதை வாசிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு வேலைக்குப் போகக் காரைத் திறக்கும்போது, ட்ரைவர் சீற்றின் கதவுப்பக்கத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். நாடாத் துண்டோ, பொறித்த எழுத்தோ இருந்தால் வாசியுங்கள். வாசிக்க வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தை மூடி உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அங்கே தையல் பிரிந்திருந்தால், ஊசியை எடுக்காமல் அந்தக் காரைத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.